யூனிக்ஸ் வகை இயங்குதளத்தின் மூல நிரல் எங்கே கிடைக்கும்?

படித்துப் புரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்கள் என்றால், லினக்ஸில் தொடங்காதீர்கள். கோடிக்கணக்கான வரிகளில் தொலைந்துபோவீர்கள். எம்ஐடி பல்கலைக்கழகம் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளம் போதும். 1975-இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸைப் பின்பற்றியது. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இலவசமாக இருக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலிக்கான அதன் வடிவத்தில், ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றுக்குத் தாவும் சிறிய அசெம்பிளிக் கோப்பை (செயலியின் கட்டளைகளிலேயே எழுதியது) முதலில் திறந்து பாருங்கள். செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களில் 14-இன் மதிப்புகளைச் சேமிக்கிறது, முன்பு சேமித்த வேறு 14 மதிப்புகளை ஏற்றுகிறது, திரும்பிவிடுகிறது. அவ்வளவுதான்! முதன்முறை படித்தபோது நான் அசந்துபோனேன்.

அது பிடிபட்டதும் ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி ஆகிய முழு அளவிலான யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பக்கம் போகலாம். அங்கே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலோடு கட்டளைகளின் நிரலும் ஒரே இடத்தில் கிடைக்கும். அசல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வரையிலான நிரல்களையும் கால்டெரா நிறுவனம் 2002-இல் திறந்த உரிமத்தில் வெளியிட்டுவிட்டது.