பதில்: அறிக்கை குறைந்தால் பிழையும் குறைந்ததா?

மூன்று மாதத்தில் குழந்தைகள் வார்டிலிருந்து இரண்டே பிழை அறிக்கை, மேலிடம் பாராட்டுகிறது, எனக்கோ உறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். உறுத்துவது நியாயம்தான். ஊழியர்கள் தாமாக எழுதித் தரும் அறிக்கையில் நடந்ததில் சிறு பங்குதான் வரும். எழுதப் பயந்தாலும் எண்ணிக்கை குறையும்.

கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள். டிஸ்சார்ஜ் ஆனவற்றில் இரண்டு வாரத்துக்குப் பத்து, குலுக்கல் முறையில். ஒன்றுக்கு 20 நிமிடம் போதும். முழுக்கப் படிக்காமல் தடயம் தேடுங்கள்: திடீரென ஐசியுவுக்கு மாற்றினார்களா, மார்ஃபின் போன்ற வலி மருந்து அதிகமானால் முறிக்கப் போடும் நலோக்சோன் போட்டார்களா? போட்டிருந்தால் மார்ஃபின் அளவைப் பாருங்கள். எடைக்கணக்கில் ஒரு புள்ளி நழுவினால் 0.5 மி.கி. 5 மி.கி. ஆகிவிடும். ஆனால் குழந்தை வீட்டிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டு வந்திருந்தால், அது வார்டின் கணக்கில் சேராது. தடயம் வேறு, பாதிப்பு வேறு.

நர்ஸ் குறிப்பை விட்டுவிடாதீர்கள். "கை வீக்கம், ஊசி மாற்றப்பட்டது" என்று நள்ளிரவில் எழுதிய ஒரு வரி டாக்டர் குறிப்பில் பெரும்பாலும் இருக்காது. டிரிப் நரம்பைவிட்டு வெளியே இறங்கியதும் பாதிப்புதான்.

இருவர் தனித்தனியாகப் பார்க்கட்டும். முடிவை ஒரு டாக்டர் உறுதிசெய்யட்டும். 1000 உள்நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி வார்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒன்று) எத்தனை பாதிப்பு என்று கணக்கிடுங்கள். மாதம் இருபது ஷீட்டில் எண் குதிக்கத்தான் செய்யும், ஒரு மாதத்தை வைத்து யாரையும் திட்ட வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரியோடு ஒப்பிடவும் வேண்டாம், அங்கே வரும் நோயாளிகள் வேறு.

அப்புறம், அம்மா அப்பாவிடமும் கேளுங்கள். ஷீட்டில் ஏறாததை அவர்கள் பார்த்திருப்பார்கள்.