பாலம் வரட்டும், மடை அடைபடக் கூடாது

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். கன்னடியன் கால்வாயின் பழைய பாலம் 2023 டிசம்பர் வெள்ளத்தில் பழுதாகிவிட்டது. அதை இடித்துவிட்டு அகலமாகக் கட்டப் போகிறார்கள். பாலத்தை ஒட்டி எனக்கு ஒன்றரை ஏக்கர் இருபோக நஞ்சை இருக்கிறது. வேலை முடியும்வரை மாற்றுப்பாதை என் வயல் வழியாகத்தானாம். ஊராட்சி ஒன்றியத்திலிருந்து வந்தவர்கள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். நஞ்சையைத் தொடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே, பாலத்தைத் தடுக்க முடியுமா?

பதில்: கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் நல்லது, இப்போதைக்குப் போடாதீர்கள்.

பாலத்தைத் தடுக்க முடியாது. நீங்கள் சொல்வது 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமாக இருந்தால், அது காவிரிப் படுகைக்கானது. உங்கள் கால்வாய் இருக்கும் தாமிரபரணிப் பாசனம் அதில் வராது. (நம்மூர் நெல்லும் நெல்தான், என்ன செய்ய.) 2013 நில எடுப்புச் சட்டத்தின் 10-வது பிரிவு, பல போக நஞ்சையை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது. ஆனால் நெடுஞ்சாலை, ரயில், கால்வாய் போல நீளமாகப் போகிற வேலைகளுக்கு அந்தப் பிரிவே விலக்கும் தருகிறது. சிவில் கோர்ட் தடையுத்தரவும் கடினம். 2018 திருத்தத்துக்குப் பிறகு சாலை, பால வேலைகளைத் தாமதப்படுத்தும் தடையை ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் அனுமதிப்பதில்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம். “பாலம் உங்களுக்கும்தானே அண்ணாச்சி” என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். அதில் ‘பொதுநலன் கருதி இலவசமாக ஒப்படைக்கிறேன்’ என்று ஒரு வரி இருந்தால், நீங்கள் மாற்றுப்பாதைக்கு அனுமதி கொடுக்கவில்லை, நிலத்தையே தானம் கொடுக்கிறீர்கள்.

நிரந்தரமாக ஒரு துண்டு வேண்டுமென்றால் முறைப்படி நிலத்தை எடுக்கட்டும். அந்த 2013 சட்டத்தின் 11-வது பிரிவுப்படி நில எடுப்பு அறிவிப்பு வந்தபின் ஆட்சியரிடம் ஆட்சேபிக்க 60 நாள் உண்டு. இழப்பீட்டில் அந்தத் தொகைக்குச் சமமாக இன்னொரு 100 சதவீதம் ஆறுதல் தொகையும் சேரும். தற்காலிகப் பாதை என்றால் அதே சட்டத்தின் 81-வது பிரிவு. அதிகபட்சம் மூன்று வருடம், இழப்பீடு எழுத்து மூலம். முடிந்தபின் நிலம் பழைய வேலைக்கு லாயக்கில்லாமல் போனால், அதை அரசே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஜல்லியும் கிராவலும் கொட்டி இறுகிய நஞ்சை அவ்வளவு சீக்கிரம் சேறாகாது.

எனக்கு நிலத்தை விடவும் கவலை உங்கள் மடைதான். பாலத்தின் இரு பக்கமும் மண்ணைத் தாங்கும் சிறகுச் சுவர் கரையோடு நீளும்போது பக்கத்து மடை அதற்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு குழாய் வைத்துத் தருகிறோம் என்பார்கள். அந்தக் குழாய் பழைய மட்டத்துக்கு ஒரு சாண் உயர்ந்தால் போதும், கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறாது. ஆகவே பாலத்தின் வரைபடத்தை ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) வாங்கி, மடையின் மட்டத்தை அதில் எழுதச் சொல்லுங்கள். அணுகுசாலையை உயர்த்துவார்கள் என்றால் பக்கவாட்டில் சரிவான மண்கரை வேண்டாம், தாங்குசுவர் கேளுங்கள். ஒன்றுக்கு இரண்டு சரிவில், ஒரு மீட்டர் உயர்த்தினாலே பக்கத்துக்கு இரண்டு மீட்டர் வயல் போய்விடும். மாற்றுப்பாதைக்கு அடியிலும் வாய்க்காலுக்குக் குழாய் வேண்டும். கால்வாயில் வேலை கார் சாகுபடித் தண்ணீர் திறக்கும் முன் முடிய வேண்டும் என்று ஒன்றியத்துக்கும் நீர்வளத்துறைக்கும் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

அதற்கு முன் சர்வேயரை வைத்து புலப்படப்படி (நில அளவை வரைபடம்) அளந்துவிடுங்கள். கால்வாய்க் கரை நாம் நினைப்பதைவிட அகலமான புறம்போக்காக இருக்கும். அதில் உங்கள் தென்னை நின்றாலும் நிலத்துக்குப் பணம் வராது.

எந்தக் காகிதமும் இல்லாமல் ஜேசிபி இறங்கினால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். பாலத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்காமல், சட்டப்படி எடுக்காமல் என் பட்டா நிலத்தில் இறங்கக் கூடாது என்று மட்டும் கேளுங்கள். போகும்போது அடங்கல் (வி.ஏ.ஓ. எழுதும் பயிர்க் கணக்கு) நகலும் வேண்டும். இந்தப் போகத்து நெல் அதில் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். ஏறவில்லையென்றால் பயிர் இழப்பீடு கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.