கயாக்கில் தீவு தீவாக: வாசகர் கேள்வி – பதில்

கே: நண்பர்கள் நாலு பேர் ஜனவரியில் தாய்லாந்தின் கிராபிக்குப் போய், கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் ஐந்து நாள் தீவுகளைச் சுற்றப் போகிறோம். எல்லாரும் சங்குத்துறையிலும் முட்டத்திலும் குளித்து வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கம் போதுமா? – வாசகர், நாகர்கோவில்

ப: நீச்சலுக்குப் போதும். கடலைக் கணிக்கப் போதாது.

நம் குமரிக் கரையில் பயப்பட வேண்டியது அலைக்கு. கச்சான் (தென்மேற்குக்) காற்று மாதங்களில் வள்ளம் கவிழ்வதெல்லாம் பெரும்பாலும் கரையை ஒட்டித்தான். ஏற்றவற்றத்தை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதை, இங்கே யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அமாவாசைக்குக்கூட வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கிராபிக்கும் புக்கெட்டுக்கும் நடுவே உள்ள பாங்ஙா விரிகுடாவில் நிலைமை தலைகீழ். ஜனவரியில் அலை குறைவு. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டரை மீட்டரைத் தாண்டும். விரிகுடாவில் பல இடங்களில் ஆழம் குறைவு, அடியில் சேறு. காலையில் தண்ணீர் தளும்பிய கரை மதியம் சேற்றுவெளியாகிவிடும். முழங்கால் புதையும் சேற்றில் சாமானோடு கயாக்கை இழுக்க நாலு பேராலும் ஆகாது. அடுத்த ஏற்றம் வரும்வரை வெயிலில் உட்கார வேண்டியதுதான்.

வற்றம் ஒரே சீராக இறங்காது. ஆறு மணி நேரத்தில் 2.4 மீட்டர் இறங்குமானால், முதல் மணியில் ஏறக்குறைய 20 செ.மீ., அடுத்ததில் 40, மூன்றாவது நான்காவது மணிகளில் 60, 60, பிறகு 40, 20. அந்த நடு இரண்டு மணி நேரத்தில்தான் நீரோட்டம் மூர்க்கமாக இருக்கும். தீவுகளுக்கு நடுவே கடப்பதை ஏற்றம் நின்று வற்றம் தொடங்கும் இடைவேளையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட் போடும் முன்பே காலண்டரில் திதி பாருங்கள். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் வெகுவாகக் குறையும். உச்சம் அமாவாசையன்றே வராமல் ஓரிரு நாள் தள்ளி வருவதையும் கணக்கில் சேருங்கள். சுண்ணாம்புப் பாறைத் தீவுகளுக்குள் 'ஹாங்' என்ற உள்குளங்கள் உண்டு. சிலவற்றுக்குக் குகை வழியாகத்தான் போக வேண்டும். முழு ஏற்றத்தில் தலை முட்டும், முழு வற்றத்தில் படகு தரைதட்டும். நேரம் தெரிந்த உள்ளூர்க்காரர் இல்லாமல் நுழைய வேண்டாம்.

கூடாரம் அடிக்கும்போது மணலில் காய்ந்த கடற்பாசியும் சுள்ளியும் வரிசையாக ஒதுங்கிய கோட்டைத் தேடுங்கள். சில கரைகளில் இரண்டு கோடுகள் இருக்கும். கீழே உள்ளது ஈரமாக, மணல் பூச்சி துள்ளிக்கொண்டு இருக்கும்; அது இன்றைய ஏற்றம். மேலே மொறமொறவென்று காய்ந்தது, முந்தைய பெரிய ஏற்றம். கூடாரமும் கயாக்கும் மேல்கோட்டுக்கும் மேலே. அப்படியும் கயாக்கை மரத்தில் கட்டிவிட்டே தூங்குங்கள். தேசியப் பூங்காவுக்குள் வரும் தீவுகளில் எல்லாக் கரையிலும் தங்க விடமாட்டார்கள். பூங்கா அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கே: மூன்று கிலோமீட்டர் அகல நீரிணையைக் கடக்க, எதிர்த் தீவைப் பார்த்து நேராகத் துடுப்புப் போட்டால் போதாதா? – வாசகர், குளச்சல்

ப: உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டாலே 'நீவாடு பாரு', அதாவது நீரோட்டத்தைப் பார் என்பார்கள். சாமான் ஏற்றிய கயாக் மணிக்கு 5 கி.மீ. போகும் என்று வையுங்கள். குறுக்கே 2 கி.மீ. வேகத்தில் நீரோட்டம் இருந்தால், 36 நிமிடக் கடப்பில் 1.2 கி.மீ. பக்கவாட்டில் தள்ளிவிடும். தீவு சின்னதானால் அதைத் தாண்டியே போய்விடுவீர்கள். மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக ஏறக்குறைய 24 டிகிரி திருப்பி வைத்தால் நேர்கோட்டில் போகலாம். மூன்று நிமிடம்தான் கூடும்.

கோணத்தை மனக்கணக்குப் போட வேண்டாம். எதிர்க்கரையில் ஒரு மரம், அதற்குப் பின்னால் ஒரு பாறை முகடு என இரண்டு அடையாளங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் விலகினால் நீங்கள் தள்ளப்படுகிறீர்கள். ஜி.பி.எஸ். அதைச் சற்றுப் பிந்தித்தான் காட்டும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருந்தால் அலை செங்குத்தாக எழும்பும். எங்கும் வெள்ளை நுரை தெரிந்தால் கரையிலேயே இருங்கள்.

கே: ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர்? சாமானை எப்படி அடுக்குவது? – வாசகி, மார்த்தாண்டம்

ப: சமையலையும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். நாலு பேருக்கு இரண்டு நாளுக்கு 40 லிட்டர், அதாவது 40 கிலோ. அதனால் ஐந்து நாளுக்கும் சுமக்காமல், கோ யாவ் நோய் போல ஊர் உள்ள தீவை இரண்டு நாளைக்கு ஒருமுறை தொடும்படி வழியை அமையுங்கள். ஒரே கேனில் வேண்டாம். ஓட்டை விழுந்தால் எல்லாம் போச்சு. 4, 5 லிட்டர் பைகளாகப் பிரித்து, இருக்கைக்கு முன்னும் பின்னும், அடித்தளத்தை ஒட்டி வையுங்கள். முன்பக்கம் கனத்தால் கயாக் காற்றுப் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும், கை ஓய்ந்துவிடும். பின்பக்கம் ஒரு பொட்டு கூடுதலாக இருக்கலாம்.

தண்ணீர் புகாத உலர்பையை 60 லிட்டரில் வாங்கி ஏமாறாதீர்கள், கயாக்கின் சாமான் அறை வாய்க்குள் நுழையாது. 10, 15 லிட்டரில் நாலைந்து போதும். காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மூன்று சுற்று இறுக்கமாக மடித்துப் பூட்டுங்கள். பெரும்பாலும் தண்ணீர் புகுவது மடிப்பில் துணி சிக்கிக்கொள்வதால்தான். அடுப்பு வாயு உருளையை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அங்கே வாங்குங்கள்.

கே: நடுக்கடலில் கவிழ்ந்தால்? – வாசகர், தக்கலை

ப: கயாக்கை விடாதீர்கள், துடுப்பையும் விடாதீர்கள். வெறும் கயாக் என்றால், உதவ வருபவர் அதன் மூக்கைத் தன் படகின் மேல் இழுத்துக் கவிழ்த்துத் தண்ணீரை வடிப்பார். சாமான் ஏற்றிய கயாக்கில் அதை முயலாதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். நிமிர்த்தி, இரண்டையும் தலைமாற்றி ஒட்டி நிறுத்தி, உதவுபவர் தன் உடம்பைச் சாய்த்து மற்றதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். விழுந்தவர் காலை உதைத்து, பின்தளத்தில் வயிறு படுமாறு ஏறி, காலை உள்ளே விட்டு, முகம் கீழே இருக்கும்படியே உடம்பைத் திருப்பி உட்கார வேண்டும். பிறகு கைப்பம்பால் இறைப்பது. பம்ப் ஒவ்வொரு கயாக்குக்கும் ஒன்று.

பழக மணக்குடி காயல் நல்லது. பாலத்துக்கு உள்பக்கம், காயல் கடலோடு சேரும் பொழிமுகத்துப் பக்கமே போக வேண்டாம். 20 லிட்டர் கேன் இரண்டை ஏற்றிக்கொண்டு கவிழ்த்துப் பழகுங்கள், வெறும் படகில் பழகியது உதவாது. மிதவைச் சட்டை எப்போதும் உடம்பில்.

கே: செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றை இங்கிருந்து எடுத்துப் போகலாமா? – வாசகர், களியக்காவிளை

ப: கூடாது. அனுமதியில்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். அங்கே வாங்கித் திரும்பக் கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் மாட்டுவீர்கள். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் 1155, மருத்துவ அவசரம் 1669. நம் கரையில் பழகும்போது கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

கே: அவ்வளவு தூரம் எதற்கு? மன்னார் வளைகுடாத் தீவுகளில் சுற்றலாமே? – வாசகர், ஆரல்வாய்மொழி

ப: 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி இறங்கவே முடியாது. கூடாரம் அடிப்பதை மறந்துவிடுங்கள்.