ஸ்பானிஷை இப்போது விடாதீர்கள்

தம்பி, உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் ஸ்பானிஷ் எடுத்தாள், பிடிக்கவில்லை, பத்தாவதில் அதை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தால் காலேஜ் அட்மிஷன் பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கும். கலிபோர்னியாவில் ஒரு வருடத்தோடு மொழியை நிறுத்தக் கூடாது. ஃப்ரீமாண்டில் வீடு பார்ப்பதா சான் ரமோனிலா, கார் எது என்பதையெல்லாம் ஆபீஸ் நண்பர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இதை என்னிடம் கேளுங்கள்.

யூசி என்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, டேவிஸ் போன்ற கல்லூரிகளுக்கும், கால் ஸ்டேட் என்கிற இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்க, பள்ளியில் படித்திருக்க வேண்டிய 'ஏ-ஜி' என்றொரு பாடப்பட்டியல் உண்டு. அதில் 'இ' என்பது ஆங்கிலம் அல்லாத மொழி. ஒரே மொழியில் இரண்டு வருடம், சி கிரேடுக்குக் குறையாமல் முடித்திருக்க வேண்டும். மூன்று வருடம் இருந்தால் நல்லது என்கிறது யூசி. ஹார்வர்டு நான்கு வருடம் பரிந்துரைக்கிறது.

என் பெரியவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருடத்தோடு ஸ்பானிஷை விடலாமா என்று, பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் கேட்டோம். "ஸ்கூல் கிராஜுவேட் ஆக இது போதும்" என்றார். இங்கே மொழியே எடுக்காமல், ஓவியமோ இசையோ படித்துக்கூடப் பள்ளியை முடிக்கலாம். பள்ளியை முடிப்பது வேறு, யூசிக்குத் தகுதி பெறுவது வேறு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது தொடங்கும்போது விண்ணப்பத்தைத் திறந்தால் 'இ' கட்டத்தில் ஒரு வருடம் குறைகிறது. கடைசியில் கம்யூனிட்டி காலேஜ் என்கிற உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில் மாலை வகுப்பு. அங்கே ஒரு செமஸ்டர், பள்ளியின் ஒரு வருடத்துக்குச் சமம். வாரம் இரண்டு நாள் 880 நெடுஞ்சாலை நெரிசலில் நான்தான் வண்டி ஓட்டினேன். அந்த வருடம் அவன் சரியாகத் தூங்கவே இல்லை.

நம் ஆட்கள் சிலர், "ஸ்பானிஷ் எதற்கு, அந்த நேரத்தில் இன்னொரு ஏபி கணக்கு (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) எடுக்கச் சொல்" என்பார்கள். கேட்காதீர்கள். ஊரில் இன்ஜினியரிங் கட்-ஆஃபில் மொழிப்பாட மார்க் சேராது. அந்தப் பழக்கத்தை அப்படியே மூட்டை கட்டி இங்கே கொண்டுவந்துவிடுகிறோம்.

அவளுக்கு ஸ்பானிஷ் ஒத்தே வராது என்றால் வார இறுதித் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. அந்தப் படிப்பையும் பாடக் கணக்கில் சேர்த்துக் கிரெடிட் தரும் பள்ளி மாவட்டங்கள், அதாவது அந்தந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள், உண்டு. உங்கள் மாவட்டம் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம். ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு வருடம் தமிழ் வழியில் படித்திருந்தாலும் யூசி ஏற்கும். ஆனால் அவள் இங்கிலீஷ் மீடியம் என்கிறீர்கள், அதனால் அந்த வழி இல்லை.

நான் 2001ல், வேலைக்கு வந்தவரின் மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் வந்தேன். வேலை பார்க்க அனுமதி இல்லை, கார் ஓட்டத் தெரியாது, பகல் முழுக்க அபார்ட்மெண்டில் தனியாக இருப்பேன். மாடிப்படியில் பார்க்கும் மெக்சிகோ அம்மா ஒருவர்தான் பேச்சுத்துணை. இருவருக்கும் ஆங்கிலம் தடுமாறும். ஒருநாள் சோளத்தோகையில் சுற்றி வேகவைத்த தமாலே கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்ததும் என் அம்மா செய்யும் இலைக் கொழுக்கட்டை ஞாபகம் வந்தது. மறுவாரம் நான் கொழுக்கட்டை செய்து கொடுத்தேன். அப்புறம் பெரியவர்களுக்கான அடல்ட் ஸ்கூலில் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன். அவர் சாக்ரமென்டோவுக்கு வீடு மாறிப்போகிற வரைக்கும் தினமும் சாயங்காலம் அந்தப் படியில் உட்கார்ந்து ஸ்பானிஷிலேயே பேசினோம்.