வாசகர் கேள்வி – பதில்: 18 முடிந்து இல்லத்தை விட்டுக் கிளம்பும்போது

குழந்தைகள் இல்லங்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்து, தனியாக வாழப் புறப்படும் பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

எங்கள் இல்லத்தில் பிளஸ் டூ படிக்கும் மாணவிக்குப் பிப்ரவரியில் 18 முடிகிறது. மார்ச்சில் பொதுத்தேர்வு. பிறந்தநாளோடு அனுப்பிவிடத்தான் வேண்டுமா?
– இல்லக் கண்காணிப்பாளர், திண்டுக்கல்

அனுப்ப வேண்டாம். ஆனால் ஆணை எதுவும் இல்லாமல் 18 முடிந்தவரை இல்லத்திலேயே வைத்திருந்தால் உங்களுக்கும் சிக்கல். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 46-ஆம் பிரிவு, வெளியேறுகிறவருக்குப் பிற்காப்பு உதவி தர வழி செய்கிறது. 21 வயது வரை பெறலாம். விதிவிலக்கான நிலையில் 23 வரை நீட்டிக்கலாம். 2016 மாதிரி விதிகளின்படி, வெளியேறும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே அதற்கான திட்டம் குழந்தைகள் நலக் குழுவின் கைக்குப் போயிருக்க வேண்டும். உங்கள் மாணவிக்கு அது டிசம்பர்.

'மேலே படிக்க விரும்புகிறாள்' என்று ஒற்றை வரி எழுதி அனுப்பாதீர்கள். தேர்வுத் தேதி, சேரப்போகும் படிப்பு, தங்குமிடம், மாதச் செலவு, அவ்வப்போது போய்ப் பார்க்கப்போகிறவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். குழு படிவம் 37-இல் ஆணை தரும். அதன் நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் ₹4,000 உண்டு. கேட்டுப் பின்தொடராமல் அது தானாக வந்து சேராது.

ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் குழு வீடு விதியில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று அலகில் கேளுங்கள். இல்லையென்றால் கல்லூரி விடுதிதான் வழி. ஆனால் தேர்வு முடிவதற்கும் விடுதி திறப்பதற்கும் நடுவே உள்ள ஏப்ரல், மே மாதங்களுக்குத் திட்டத்திலேயே இடம் காட்டுங்கள். இதுவரை எட்டிப் பார்க்காத உறவினர் திடீரென்று முளைத்துக் கல்யாணப் பேச்சை எடுப்பது அந்த இடைவெளியில்தான்.

16 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியாக வாழப் பயிற்சி தர விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்குவது?
– தன்னார்வலர், மதுரை

வகுப்பெடுப்பதை விட்டுவிட்டு, பணத்தைக் கையில் கொடுத்துத் தொடங்குங்கள். நான்கு பேரை ஒரு குழுவாக்கி, ஒரு வாரச் சமையலுக்கான தொகையைத் திங்கட்கிழமை தாருங்கள். வியாழக்கிழமை தீர்ந்துபோனால் மேற்கொண்டு தராதீர்கள். சேமிப்பறையிலிருந்து அரிசி, பருப்பு மட்டும் கொடுங்கள். இரண்டாவது வாரமே கணக்கு எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

இல்லத்துப் பிள்ளைகள் பார்த்ததெல்லாம் அண்டாச் சமையல். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்ற அளவு பிடிபடுவதில்லை. உழைக்கும் இளைஞருக்கு இரண்டு வேளைச் சோற்றுக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ அரிசி, 50 கிராம் பருப்பு. மாதத்துக்கு ஏழரைக் கிலோவும் ஒன்றரைக் கிலோவும். எண்ணெய் ஒரு லிட்டர் போதும். புழுங்கலரிசிக்கு ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர். முகவரிச் சான்று இல்லாதவர்கள் அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம்.

அடுத்தது சம்பளச் சீட்டு. முதல் சம்பளம் வாங்கியதுமே வேலையை விட்டுவிட்டு வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். '12,000 என்றார்கள், 10,470-தான் வந்தது, ஏமாற்றிவிட்டார்கள்' என்பார்கள். பி.எஃப். 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 90. இந்தக் கழித்தலை வேலைக்குப் போகும் முன்பே ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். பி.எஃப். பணம் அவர்களுடையதுதான் என்பதையும், இ.எஸ்.ஐ. மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜூன் 5-இல் சேர்ந்தால் முதல் சம்பளம் ஜூலை முதல் வாரத்துக்கு முன் வராது. அந்த ஒரு மாதத்துச் சாப்பாடு, வாடகை, பஸ் செலவு கையில் இல்லாமல் அனுப்பினால் கடன் ஆப்தான் கதி. வீட்டு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது 2017 வாடகைச் சட்டம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருவதால், கையெழுத்திடும் முன் படிக்கச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் விடுதிப் படுக்கைதான் பாதுகாப்பு.

வங்கிக்கும் அரசு மருத்துவமனைக்கும் அவர்களே போய் வரட்டும். கூடப் போனாலும் நீங்கள் பேசாதீர்கள்.

இல்லத்தை விட்டு வந்து ஓராண்டு ஆகிறது. ஆதாரில் பழைய காப்பாளர் எண் இருப்பதால் ஓடிபி அவருக்குப் போகிறது. சிறு வயதில் தொடங்கிய வங்கிக் கணக்கிலிருந்து பணமும் எடுக்க முடியவில்லை.
– வாசகர், திருப்பூர்

முதலில் ஆதார். சேவை மையத்துக்கு நேரில் போய் உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள். கைரேகையும் சிறு கட்டணமும் போதும். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பை இல்லம் செய்யாமல் விட்டிருந்தால் அதையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

எண் மாறிய பிறகு வங்கிக்குப் போங்கள். மைனர் கணக்கை 18 முடிந்ததும் மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பணம் எடுப்பதை நிறுத்திவைப்பார்கள். ஆதார், பான் அல்லது பான் இல்லாதவர்களுக்கான உறுதிமொழிப் படிவம், புகைப்படம், புதிய மாதிரிக் கையெழுத்து ஆகியவை தேவை. ஆதாரில் இல்லத்து முகவரி இருந்தால் பரவாயில்லை, இப்போது தங்கியிருக்கும் முகவரியை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், குழந்தைகள் நலக் குழு ஆணையின் நகல் எல்லாம் இன்னும் இல்லத்திலேயே இருந்தால் பட்டியல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த முதலாளியிடமும் அசலை விட்டுவைக்காதீர்கள்.

பெற்றோர் யாரென்றே தெரியாத பையனுக்குச் சாதிச் சான்று கேட்கிறார்கள். என்ன செய்வது?
– விடுதி ஆசிரியர், வேலூர்

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இதற்கென ஒரு பதிவு உண்டு. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்டவர்கள் அதில் வருவார்கள். இல்லச் சான்று, குழந்தைகள் நலக் குழுவின் ஆணை இரண்டையும் இணைத்து இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள். தாலுகா அலுவலகத்தில் 'அப்படி ஒன்று இல்லையே' என்றால் பட்டியலின் அச்சுப்பிரதியை நீட்டுங்கள்.

தெருவோரத்தில் வாழும் இளைஞர்களுக்கு முகவரி இல்லை. வாக்காளர் அட்டையாவது கிடைக்குமா?
– கல்லூரி மாணவி, சென்னை

கிடைக்கும். படிவம் 6 கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்து உறுதி செய்வார். முகவரிச் சான்று தேவையில்லை. 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் 18 ஆகாதவர் என்றால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பேரனுக்கு 18 ஆகிறது. அரசு போட்ட 5 லட்சம் வரப்போகிறது. பைக் வேண்டும் என்கிறான்.
– பாட்டி, கடலூர்

அம்மா, பணம் அவன் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு வரட்டும். உங்கள் பெயரையோ மாமா பெயரையோ சேர்த்தால் பின்னால் மனத்தாங்கல்தான் வரும். பெரும்பகுதியை ஒரே வைப்பாகப் போடாமல், ஒரு லட்சம், ஒரு லட்சமாக வெவ்வேறு முதிர்வுத் தேதிகளில் போடச் சொல்லுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்றவற்றின் வட்டி கெடாது. ஒவ்வொன்றுக்கும் நியமனதாரர் பெயர் இருக்கட்டும்.

பைக்கை ஒரேயடியாக மறுக்க வேண்டாம். வேலைக்கோ படிப்புக்கோ அன்றாடம் தூரம் போக வேண்டியிருந்தால் பழைய வண்டி ஒன்று வாங்கலாம். வண்டி விலையோடு இன்சூரன்ஸ், ஹெல்மெட், மாதாமாதம் பெட்ரோல் எல்லாவற்றையும் அவனையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றிய அரசின் பிஎம் கேர்ஸ் குழந்தைகள் திட்டத்திலும் அவன் பெயர் பதிவாகியிருந்தால், 18 முதல் 23 வரை மாத உதவித்தொகையும் 23 வயதில் 10 லட்சமும் கிடைக்கும். அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கடன் கேட்டு வரும் உறவினர்களிடம், பணம் முதிர்வுத் தேதி வரை வங்கியில் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.