நுனிக்கால் நடையும் நரம்பின் மோட்டாரும்

கேள்வி: என் மகளுக்கு 3 வயது. நடக்கவே தாமதம், இப்போது நுனிக்காலில் நடக்கிறாள். மரபணுச் சோதனையில் 'கேஐஎஃப்1ஏ, டி நோவோ மாற்றம்' என்று வந்திருக்கிறது. நான் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன். அதனால்தானா? அடுத்த குழந்தைக்கும் வருமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் கல்யாணத்தின் மேல் பழி போடாதீர்கள், அம்மா. 'டி நோவோ' என்றால் பெற்றோரிடம் காணப்படாமல் குழந்தையிடம் புதிதாக வந்த மாற்றம். சொந்தத்தில் கட்டினால் கூடும் நோய்கள் வேறு வகை: இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுது, இரு பக்கமிருந்தும் குழந்தைக்குச் சேருவது. இதே மரபணுவில் அந்த வகையும் உண்டு. ஆகவே உங்கள் இருவர் ரத்தமும் சோதிக்கப்பட்டதா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். குழந்தையை மட்டும் சோதித்துவிட்டு 'டி நோவோ' என்று எழுத முடியாது.

இந்த மரபணு உருவாக்குவது கைனசின் வகை மோட்டார் புரதம், அதாவது செல்லுக்குள் சரக்குச் சுமக்கும் புரதம். மூளையின் மேற்பரப்பிலுள்ள நரம்பு செல் தன் ஆக்ஸானை (நீண்ட இழையை) முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி வரை நீட்டுகிறது. சரக்கு தயாராவது பெரும்பாலும் செல்லின் உடலில். தேவைப்படுவது கடைசி முனையில். நுண்குழல்தான் தண்டவாளம். அதன்மேல் கைனசின் 8 நானோமீட்டர் அடியெடுத்து முனைக்குச் சுமக்கும். டைனீன் என்ற இன்னொரு மோட்டார் திரும்பக் கொண்டுவரும். வளரும் நரம்பு புதிய இணைப்புகளைப் போடுவது இந்தச் சரக்கை வைத்துத்தான். மோட்டார் பழுதானால் சரக்கு முனையை எட்டாது. அதனால் நீளமான ஆக்ஸான் முதலில் தவிக்கும், கால்தான் முதலில் விறைக்கும்.

மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாக இருந்தும் ஏன் நோய்? இந்த மோட்டார் ஜோடியாகத்தான் சுமக்கும். நல்லதும் பழுதும் சரிபாதி கலந்தால், நான்கு ஜோடியில் ஒன்றுதான் முழுக்க நல்லது. இரண்டில் ஒரு கால் நொண்டி, மற்றொன்றில் இரண்டும். நரம்புச் சத்து டானிக்கோ பி12 ஊசியோ இதைச் சரிசெய்யாது. பி12 குறைவு ரத்தத்தில் தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

தினமும் செய்ய வேண்டியது குதிகால் தசைநாணை (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நார்) இழுத்துவிடுவது. முழங்காலை நீட்டி, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெல்ல மேலே மடக்கி 20–30 விநாடி பிடியுங்கள். காலுக்கு 5 முறை, காலையும் மாலையும். பலர் விரல்களை மட்டும் அழுத்துகிறார்கள். நடுப்பாதம் வளையும், குதிகால் அப்படியே நிற்கும். கணுக்கால் ஸ்ப்ளிண்ட் (பாதத்தைத் தாங்கும் கவசம்) கழற்றி 20 நிமிடமாகியும் தோலில் சிவப்பு மறையவில்லையென்றால் அளவு மாற்றுங்கள். விறைப்பைத் தளர்த்தும் பாக்லோஃபென் மருந்து கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். கண் நரம்பும் மெலியக்கூடும். மங்கலாகத் தெரிகிறது என்று 3 வயதுக் குழந்தை சொல்லாது, நாம்தான் கண் மருத்துவரிடம் தவறாமல் காட்ட வேண்டும். வெறித்துப் பார்த்து நின்றால் அது வலிப்பாக இருக்கலாம், இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுங்கள்.

டி நோவோ என்பது உறுதியானால், அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு ஏறக்குறைய 100-க்கு 1. பெற்றோர் ரத்தத்தில் தெரியாமல் கருமுட்டையிலோ விந்தணுவிலோ மாற்றம் இருக்கலாம் என்பதால் பூஜ்யம் என்று சொல்வதில்லை. கருத்தரிக்கும் முன்பே வேலூர் சிஎம்சி மரபியல் பிரிவில் ஆலோசனை கேளுங்கள். 11–13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ இதே மாற்றத்தைத் தேடலாம். அதற்கு மகளின் அசல் ரிப்போர்ட் கட்டாயம் வேண்டும். லேமினேட் செய்து பத்திரப்படுத்துங்கள்.