வாராக் கடன் பட்டியலும் தியானச் செயலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரோட்டில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவு பார்க்கிறேன். காலையில் கஸ்டமர்கள், மதியத்துக்கு மேல் தவணை தவறியவர்களுக்கு போன், ஆறு மணிக்கு ரீஜனல் ஆபீசின் ரிவ்யூ கால். காலாண்டு முடிவில் எல்லாம் இரண்டு மடங்கு. மன அழுத்தம் குறையட்டும் என்று நிர்வாகம் எங்கள் எல்லோருக்கும் ஒரு தியானச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டிக் கொடுத்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் செய்தேன். இரவு பத்து மணிக்குப் படுக்கையில் ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடமே தூங்கிவிடுகிறேன். கவுன்டரில் யாராவது கத்திவிட்டுப் போனால் பாத்ரூமுக்குள் போய் அதைப் போட்டுக் கேட்பேன், எரிச்சல்தான் கூடுகிறது. ஒருநாள் விட்டுப்போனது, விடாமல் செய்த நாள்களை எண்ணும் 'ஸ்ட்ரீக்' பூஜ்ஜியமானது, அத்தோடு நிறுத்திவிட்டேன். மேலதிகாரியிடம் வேலைப்பளுவைச் சொன்னால் "ஆப் குடுத்திருக்கோமே, யூஸ் பண்றீங்களா?" என்கிறார். இந்தச் செயலிகளால் உண்மையில் பயன் உண்டா? வேலை நாளில் இதை எப்படிப் பயன்படுத்துவது? நான் அதில் பதிவதெல்லாம் நிர்வாகத்துக்குத் தெரியுமா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

பாத்ரூமிலிருந்து தொடங்குகிறேன். கத்திவிட்டுப் போனவரின் குரல் காதிலேயே இருக்கும்போது கண்ணை மூடினால் அந்தக் காட்சிதான் மறுபடி ஓடும். இதயம் வேகமாக அடிக்கிறது, தோள்பட்டை இறுகியிருக்கிறது; அந்த நேரத்தில் ஒரு மென்மையான ஆங்கிலக் குரல் "உங்கள் எண்ணங்களை மேகங்களாகப் பாருங்கள்" என்று சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். எண்ணத்தைக் கவனிப்பது பழகி வரவேண்டிய திறன். அதை அமைதியான நேரத்தில்தான் பழக முடியும். கத்தல் நடந்த ஐந்து நிமிடத்துக்கு வேண்டியது வேறு. அதற்குச் செயலியே வேண்டாம்.

மூக்கால் மூச்சை இழுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் விடாமல் மேலே இன்னொரு சின்ன இழுப்பு. பிறகு வாயால், மெதுவாக, முழுதாக விடுங்கள். விடும் நேரம் இழுக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். அழுது முடித்த குழந்தை தன்னையறியாமல் விடும் பெருமூச்சு இதே மூச்சுதான். ஐந்தாறு முறை போதும். மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். அதனால்தான் விடுவதை நீட்டுகிறோம். ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2023-இல் வெளியான ஒரு ஆய்வில் இந்த மூச்சுமுறையையும் வேறு இரண்டு மூச்சுமுறைகளையும் தியானத்தையும் தினம் 5 நிமிடம், ஒரு மாதம் செய்ய வைத்துப் பார்த்தார்கள். பதற்றம் எல்லாக் குழுவிலும் குறைந்தது. மனநிலை அதிகம் மேம்பட்டது இந்தப் பெருமூச்சுக் குழுவில்.

இதில் நடக்கும் தவறு ஒன்றுதான்: நெஞ்சு விம்மும்படி பெரிது பெரிதாக, வேகமாக இழுப்பது. ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கு மேல் குறைந்து தலை லேசாகச் சுற்றும், விரல் நுனி மரத்ததுபோல இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சுவிடுங்கள், அடுத்த முறை அளவைக் குறையுங்கள். மூச்சை அடக்கி வைக்கச் சொல்லும் பயிற்சிகளும் செயலிகளில் இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இனி பயிற்சி. இன்றைய செயலிகள் பலவற்றுக்கும் முன்மாதிரி 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய வகுப்பு. எட்டு வாரம், வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடம் பயிற்சி. பலன் என்று நாம் கேள்விப்படுவதில் பெரும்பகுதி இந்த மாதிரி வகுப்புகளை வைத்து வந்தது. 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தொகுப்பாய்வு 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரை எடுத்துக்கொண்டது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மிதமான பலன் உண்டு என்பதற்கு ஓரளவு உறுதியான சான்று கிடைத்தது. மன அழுத்தம் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குக் கிடைத்த சான்று அதைவிடப் பலவீனமானது. செயலி இந்த 45 நிமிடத்தைப் பத்தாகச் சுருக்கிப் பையில் போட்டுக் கொடுக்கிறது. பத்து நிமிடத்துக்குரிய பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றமில்லை.

உங்கள் நேரத்தேர்வுதான் பிரச்சினை. படுக்கையில் போட்டால் தூக்கம் வரத்தான் செய்யும். தூங்குவதற்காகப் போட்டால் அது நல்லதே, ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. காலை பத்து மணிக்குக் கிளை திறக்கிறது என்றால், 9.35-க்கு வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் செய்யுங்கள். கம்ப்யூட்டரை உயிர்ப்பிப்பதற்கு முன்பு. லாகின் செய்துவிட்டால் நிலுவைப் பட்டியல் கண்ணில் படும், அதற்குப் பிறகு உட்கார மாட்டீர்கள். கண்ணை மூடவேண்டிய கட்டாயம் இல்லை. மேஜை விளிம்பிலோ தரையிலோ ஓர் இடத்தில் பார்வையைத் தாழ்த்தி வைத்தால் போதும். (கிளையில் சிசிடிவி இருக்கிறது, கண்ணை மூடியவர் அதில் தூங்குபவராகத்தான் தெரிவார்.) இரண்டு பாதமும் தரையில் பதியட்டும், முதுகு நாற்காலியில் சாயாமல் இரண்டு விரற்கடை முன்னால் இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம், தூக்கம்தான் வரும்.

இரண்டாவது நேரம் மாலை 5.55. ரிவ்யூ கால் முடிந்தபின் ஆறுதல் தேடுவதைவிட அதற்குமுன் மூன்று நிமிடம் செய்வது மேல். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள், இரண்டும் மூக்கால். ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு, மூன்று நிமிடத்துக்குப் பதினெட்டு. ஆறு வரை விட முடியாமல் திணறினால் மூன்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை முக்கியமல்ல, விடுவது நீளமாக இருக்கவேண்டும். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே மூச்சு முட்டும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, பாதம் தரையைத் தொடும் இடத்தையோ மின்விசிறிச் சத்தத்தையோ பிடித்துக்கொள்ளலாம். பயிற்சி ஒன்றும் குறைந்துவிடாது.

ஆங்கிலக் குரல் ஒட்டவில்லை என்றால் அதைச் சகித்துக்கொண்டு கேட்கவேண்டியதில்லை. உங்கள் போனிலேயே, உங்கள் குரலிலோ வீட்டில் யாராவது ஒருவர் குரலிலோ எட்டு நிமிடம் பதிவு செய்துவிடலாம். ஃபேனை அணைத்துவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசவேண்டும். முதல் நிமிடம் உடம்பு: "ரெண்டு பாதமும் தரையில இருக்கு. கை தொடை மேல இருக்கு. தாடையைத் தளர்த்திக்கலாம்." அடுத்த இரண்டு நிமிடம் சத்தங்கள்: "வெளியில என்ன கேக்குதோ அது கேக்கட்டும்," அவ்வளவுதான், மீதி மௌனம். மூன்றிலிருந்து ஏழு வரை மூக்கு நுனியில் மூச்சு. இந்த நான்கு நிமிடத்தில் மூன்றே முறை, ஒரே சீரான இடைவெளியில் இல்லாமல், "நினைப்பு எங்கயோ போயிருந்தா போயிருக்குன்னு பாத்துட்டு அடுத்த மூச்சுக்கு வாங்க" என்று சொல்லுங்கள். கடைசி நிமிடம் பார்வையை உயர்த்தி, கை விரல்களை அசைத்து முடிப்பது. பலரும் செய்யும் தவறு, மௌனத்துக்குப் பயந்து பேசிக்கொண்டே இருப்பது. பேச்சு மொத்தமே ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மூன்று வாரம் கழித்து இதையும் விட்டுவிட்டு மணியோசைக்கு மாறிவிடலாம்: தொடக்கத்தில் ஒன்று, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று, முடிவில் ஒன்று. இன்சைட் டைமர் போன்ற செயலிகளில் இந்த வசதி இலவசமாகவே கிடைக்கிறது.

நினைப்பு ஓடினால் தியானம் கெட்டுவிட்டது என்றுதான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள். ஓடியதைக் கண்டுபிடித்துத் திரும்புவதுதான் பயிற்சியே. பத்து நிமிடத்தில் முப்பது முறை ஓடி முப்பது முறை திரும்பினால், முப்பது முறை பயின்றிருக்கிறீர்கள். மாலையில் கடன்காரர் ஒருவர் போனில் ஏசும்போது, பதில் வாய்வரை வந்துவிட்டது என்பதை அரை நொடி முன்னால் கவனிக்க உதவுவது இந்தத் திரும்பல்தான்.

ஸ்ட்ரீக்கை அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாத செயலி என்றால் அதன் அறிவிப்புகளையாவது நிறுத்துங்கள். ஒருநாள் தவறினால் கணக்கைப் பூஜ்ஜியமாக்கும் கண்டிப்பு எந்த வங்கியிலும் கிடையாது. தவணை தவறியவருக்கே வாராக் கடன் என்று முத்திரை குத்த உங்களுக்குத் தொண்ணூறு நாள் ஆகிறது! மனநலச் செயலிகளின் பயன்பாட்டை அளந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நிறுவி முப்பது நாள் கழித்தும் திறந்து பார்ப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம்தான் என்று தெரியவந்தது. ஒரு மாதம் தாண்டிய நீங்கள் அந்தச் சிறுபான்மையில் இருந்தவர். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளை விடுமுறையில் அதற்கும் விடுமுறை.

போனில் மூன்று காரியம். சில ஆண்ட்ராய்டு போன்கள் திரை அணைந்ததும் செயலியையும் மூடிவிடும், குரல் நடுவில் நின்றுபோகும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். வேண்டிய ஒலிப்பதிவை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பத்து நிமிடத்துக்குத் 'தொந்தரவு செய்யாதே' நிலையைப் போட்டு, வீடு, குழந்தையின் பள்ளி, கிளை மேலாளர் என்று மூன்று எண்களுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். இதைச் செய்யாமல் உட்கார்ந்தால் ரிவ்யூ வாட்ஸாப் குரூப்பின் 'டிங்' சத்தத்துக்காகக் காத்திருப்பதுதான் தியானமாகும். வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் இதைக் கேட்பது கூடவே கூடாது.

உங்கள் மேலதிகாரியின் கேள்விக்கு வருவோம். வில்லியம் ஃப்ளெமிங் என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார். செயலி, மனவுறுதிப் பயிற்சி, ரிலாக்சேஷன் வகுப்பு போன்றவற்றில் கலந்துகொண்டவர்களுக்கும் கலந்துகொள்ளாதவர்களுக்கும் மனநலத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஓரளவு பலன் தெரிந்தது தன்னார்வப் பணியில் மட்டுமே. இது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு, ஏற்கெனவே அழுத்தத்தில் இருப்பவர்களே அதிகம் சேர்ந்திருக்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. தியானம் வீண் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வேலையின் அமைப்பைத் தொடாமல் ஊழியரை மட்டும் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் இல்லை, உங்கள் மேலதிகாரி அந்த நம்பிக்கையில்தான் பேசுகிறார்.

ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வாருங்கள்: மணி, என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது. வார முடிவில் பாதிக்கு மேல் ஆறு மணி ரிவ்யூ அழைப்பையோ, இரவு ஒன்பதுக்கு மேல் வரும் குரூப் செய்திகளையோ சுட்டினால், அது மூச்சுப் பயிற்சியின் எல்லைக்கு வெளியே உள்ள விஷயம். "வேலைப்பளு அதிகம்" என்று பொதுவாகச் சொன்னால் "ஆப் இருக்கிறதே" என்றுதான் பதில் வரும். "நிலுவைப் பட்டியலை மாலை ஐந்தரைக்கு அனுப்பி ஆறு மணிக்கு விளக்கம் கேட்கிறீர்கள், மதியம் மூன்றுக்கு அனுப்புங்கள்" என்று ஒரே ஒரு காரியத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். மறுப்பதாக இருந்தாலும் எழுத்தில் மறுக்கவேண்டி வரும். சங்கம் இருந்தால் அதற்கும் ஒரு பிரதி.

இரண்டு வாரத்துக்கு மேல் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டுகிறது, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை, கண்ணை மூடினால் படபடப்பு கூடுகிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். உயிர்மேல் வெறுப்பு தோன்றினால் இரண்டு வாரம் பார்க்கவேண்டாம், அன்றே அழையுங்கள்.

கடைசிக் கேள்வி. நிறுவனச் சந்தாக்களில் வழக்கமாக நிர்வாகத்துக்குப் போவது எத்தனை பேர் சேர்ந்தார்கள், மொத்தம் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்ற தொகுப்புக் கணக்குதான். அது உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படித்தானா என்பதைச் செயலியின் தனியுரிமைக் கொள்கையில் நிறுவன வாடிக்கையாளர் பற்றிய பகுதியைப் படித்து உறுதிசெய்யுங்கள். நிர்வாகத்தை விட்டுத்தள்ளினாலும் செயலி நிறுவனத்திடம் நீங்கள் எழுதுவது இருக்கத்தான் செய்யும். பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி மன ஆலோசனை நிறுவனம் பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்குக் கொடுத்ததாக எழுந்த வழக்கில், 2023-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதன்மேல் 78 லட்சம் டாலர் கட்டச் சொல்லி உத்தரவிட்டது. 'இன்று எப்படி உணர்கிறீர்கள்?' என்ற பெட்டியைக் காலியாக விடுங்கள். குறிக்கத் தோன்றினால் அந்தத் தாள் இருக்கிறது. மைக், தொடர்புகள், இருப்பிடம் ஆகிய அனுமதிகள் இந்த வேலைக்குத் தேவையில்லை.

சந்தா முடியும்போது சொந்தப் பணத்தில் புதுப்பிக்கத் தூண்டுவார்கள், ஏழு நாள் இலவசம் என்று தொடங்கி ஆண்டுத் தொகையை எடுப்பார்கள். செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடாது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குள் போய் ரத்து செய்துவிட்டு, யுபிஐ ஆட்டோபே பட்டியலிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் முன்னறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியை மற்ற விளம்பரங்களோடு சேர்த்து அழித்துவிடாதீர்கள்.